அந்த ஈரம் என்னுடையது

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

செவிலியர் விழா மேடையில் எனக்குச் சால்வை போர்த்தியபோது நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினீர்கள். என்னை அறிமுகப்படுத்திய பெண், "வெளியே சொல்லத் தயங்கிய கிராமத்துப் பெண்களை ஊர் ஊராகச் சிகிச்சைக்கு அழைத்து வந்த சாதனைச் செவிலியர்" என்று படித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரிய மனுசிக்கு எவ்வளவு அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

சாப்பாட்டு வரிசையில் உங்களில் ஒருத்தி பக்கத்தில் வந்து, "எப்படிங்க மேடம் அவங்களைச் சம்மதிக்க வெச்சீங்க? எங்க பக்கம் வாயவே தொறக்க மாட்டீங்கறாங்க" என்று கேட்டாள். "பேசிப் பேசித்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் கேட்டது நல்ல கேள்வி. நான் சொன்னது தப்பித்துக்கொள்கிற பதில். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊசி போடுவதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

அன்னூருக்குக் கிழக்கே உள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். அந்த வேலையில் நாம் செய்வது எதுவும் வெளியே தெரியாது. ஒரு வீட்டில் மருமகள் முழுகாமல் இருப்பது சில நேரம் அவள் கணவனுக்கு முன்னால் நமக்குத் தெரியும். சளி என்று சொல்லி ஒளித்து வைத்திருந்த காசநோய்க்காரரைக் கண்டுபிடித்து, மாத்திரையை முடிக்கும் வரை விடாமல் துரத்தியிருக்கிறேன். பள்ளிக்கூடம் முடிக்காத பெண்ணுக்குப் பத்திரிகை அடித்துவிட்ட வீட்டில் போய் உட்கார்ந்து, கல்யாணத்தை நிறுத்திவிட்டுத்தான் எழுந்தேன். அந்தப் பெண் இன்றைக்கு உங்களில் ஒருத்தியாக வேலை பார்க்கிறாள். இதையெல்லாம் சொல்லிப் பெருமைப்பட எனக்குக் கூச்சம் கிடையாது. நீங்களும் கூச்சப்படாதீர்கள், நம்முடைய வேலையை நாமே சொல்லாவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் சால்வை போட்டது இவற்றில் எதற்காகவும் இல்லை.

என்னுடைய இரண்டாவது பிரசவம் சிரமமான பிரசவம். பையன் பெரிய குழந்தை. விடுப்பு முடிந்து வேலைக்கு வந்த பிறகு இருமினால் கொஞ்சம் நனையும், தும்மினால் நனையும். பிள்ளை பெற்ற உடம்பு, போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். தோளில் தடுப்பூசிப் பெட்டியை மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடை. சில வருடங்களில் அடிவயிற்றில் எப்போதும் ஒரு கனம். ஒருநாள் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. கர்ப்பப்பை இறங்கியிருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். எங்கே போக வேண்டும், என்ன செய்வார்கள் என்பதும் தெரியும். போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கர்ப்பிணிகளை அழைத்துப் போகும்போது "வாங்க சிஸ்டர்" என்று நாற்காலி இழுத்துப் போடுகிறவர்கள். அவர்கள் முன்னால் போய் நான் எப்படிப் படுப்பது? நோயாளி என்றால் அது வேறு யாரோ என்றுதான் அதுவரை என் மனதில் இருந்தது.

உள்ளே பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "இருக்கட்டுங்க, அடுத்த ஸ்டாப்புதானுங்க" என்று நின்றுகொள்வேன். என் ஊர் இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கும். பையில் எப்போதும் ஒரு பவுடர் டப்பா. அதே பையில் பெண்களுக்குச் சுத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற பட அட்டைகள்.

வீட்டில் இன்னும் மோசம். என் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் பிட்டர். அதிகம் பேசாத மனிதர். நான் பையன்கள் அறையில் படுக்க ஆரம்பித்தேன். முதுகுவலி என்றேன், பையன்களுக்குப் பரீட்சை என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மில்லை மூடியிருந்தார்கள். அவர் ஒரு சின்னச் சரக்கு வண்டி வாங்கி, எங்கள் பக்கம் அதைக் குட்டியானை என்போம், மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து காய்கறி ஏற்றி ஓட்டினார். வீட்டில் பேச்சு மேலும் குறைந்தது. வேலை போன வருத்தம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புது டாக்டரம்மா வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். தோட்ட வேலைக்குப் போகிற பெண்களில் நிறையப் பேர் கர்ப்பப்பை இறக்கத்தோடு இருக்கிறார்கள், யாரும் சொல்வதில்லை என்பதை வந்த கொஞ்ச நாளிலேயே புரிந்துகொண்டார். கோவையிலிருந்து மகளிர் மருத்துவர்களை வரவழைத்து ஒரு முகாம் நடத்த ஏற்பாடு செய்தார். ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களை அவர்களே அழைத்துப் போய்ச் சேர்த்துக்கொள்வார்கள்.

"உங்க ஊர்லதான் மொதல்ல வைக்கச் சொல்லியிருக்கேன் சிஸ்டர். நீங்க கூப்பிட்டா வருவாங்க, இல்லீங்களா?" என்றார்.

"வருவாங்க மேடம்" என்றேன். எனக்கு அடிவயிறு கனத்துக்கொண்டிருந்தது.

வீடு வீடாகப் போனேன். யாருக்கு இருக்கிறது என்பதை அவர்கள் எழுந்து நிற்கிற விதத்திலேயே என்னால் சொல்ல முடிந்தது. கிழக்குத் தெருவில் எஸ்தரக்கா இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, கணவர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். சின்ன வெங்காயத்தில் களை எடுக்க அவரைத்தான் தோட்டக்காரர்கள் தேடி வருவார்கள். கொஞ்ச நாளாக அவர் வேலைக்குப் போவது குறைந்திருந்தது. எழும்போது சேலைக்கு மேல் ஒரு கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு எழுவார். நானும் யாரும் பார்க்காதபோது அப்படித்தான் எழுவேன்.

"ஏனுங்கக்கா, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"எனக்கென்னுங்க நர்சம்மா. கல்லாட்ட இருக்கறேன்."

"சில பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை எறங்கியிருக்குமுங்க. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லீங்க. டாக்டருங்க வாராங்க, ஒருக்காக் காட்டிப்போட்டு வந்துரலாம்."

"சில பொம்பளைங்களுக்கு இருக்குமுங்க" என்று அவரும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

முகாம் அன்று சமுதாயக் கூடத்தில் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் கூப்பிட்டதற்காக வந்தார்கள். டீயும் பன்னும் கொடுத்தோம். உள்ளே இருந்த சின்ன அறையில் திரை கட்டி, மேசை போட்டு, கோவை டாக்டர்கள் காத்திருந்தார்கள். ஒருத்தரும் எழுந்து உள்ளே போகவில்லை. "பிரசரு மட்டும் பாத்துட்டுப் போறனுங்க நர்சம்மா" என்றார்கள். "மூட்டு வலிக்கு மாத்திரை குடுப்பாங்களா?" என்றார்கள். நான் பட அட்டைகளை விரித்துப் பேசினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார்கள். ஒவ்வொருத்தர் பக்கத்திலும் பாயில் உட்கார்ந்து காதோடு பேசிப் பார்த்தேன். எஸ்தரக்கா பக்கத்திலும் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

மத்தியானம் ஆனது. வந்திருந்த டாக்டர்களில் மூத்த அம்மா வெளியே வந்தார். அவருக்குக் கோபமில்லை, களைப்புதான். "வேற ஊர்ல ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்காங்க. இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னா நாங்க அங்க போயிடறோம். அடுத்த தடவை இந்த ஊரைச் சேக்க முடியாதுங்க சிஸ்டர்" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

அதைக் கேட்டதும் பெண்கள் கிளம்பத் தயாரானார்கள். முதலில் எழுந்தவர் எஸ்தரக்கா. அவர் நாலடி நடந்திருப்பார். அவர் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்திலும் சிமெண்டுத் தரையிலும் ஈரம் பரவியிருந்தது.

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "ச்சீ, ஆருங்க இது?" என்று ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். எஸ்தரக்கா நின்றுவிட்டார். திரும்பவில்லை. அவர் பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வெயிலில் கறுத்த அந்தக் கழுத்து அப்படியே சுருங்கி உள்ளே போவது போல இருந்தது.

பிள்ளைகளே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். யோசிக்க நேரம் இருக்காது. "டீ கொட்டியிருக்கும், உடுங்க" என்று சொல்லியிருக்கலாம். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், வெளியே போய்ச் சிரித்திருப்பார்கள். "சும்மா இருங்க எல்லாரும்" என்று அதட்டியிருக்கலாம். அது எஸ்தரக்காவை விரல் நீட்டிக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். ஒன்றும் தெரியாதது போல இருந்திருந்தால் அவர் அப்படியே வெளியே போயிருப்பார். போனால் திரும்ப எந்த டாக்டர் முன்னாலும் வந்து நிற்க மாட்டார். அதைப் பார்த்த மற்றவர்களும் வர மாட்டார்கள். இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"அது நாந்தானுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முன்னால் நானும் அதே பாயில்தானே உட்கார்ந்திருந்தேன்.

"எனக்குக் கர்ப்பப்பை எறங்கியிருக்குதுங்க. ரொம்ப வருசமாச்சு. இருமுனாலும் தும்முனாலும் நிக்கறதில்லீங்க. துணி வெச்சுட்டுத்தான் உங்க ஊடுகளுக்கெல்லாம் வந்துட்டிருக்கறேன்."

பாயில் இருந்த ஈரம் என்னுடையது இல்லை. மற்றதெல்லாம் உண்மை. சொல்லி முடித்ததும் காதெல்லாம் சுட்டது. எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று எந்தப் பெருமையும் வரவில்லை. உடுத்தியிருந்த நீலச் சீருடைச் சேலையை யாரோ உருவிவிட்டது போல இருந்தது.

முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் கேட்டார். "நெசமாலுமா நர்சம்மா?"

"நெசமாலுமுங்க."

"அப்ப நீங்க மொதல்ல போய்க் காட்டுங்க, பாக்கலாம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வார்த்தையோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். திரை வரைக்கும் உள்ள தூரத்தை நடந்து போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. உள்ளே மேசையில் ஏறிப் படுத்தேன். மூத்த டாக்டர் பரிசோதித்தார். எங்கள் டாக்டரம்மா பக்கத்தில் நின்றார். அன்றாடம் அவருக்கு நான் கையுறை எடுத்துக் கொடுப்பேன், அவர் சொல்வதை எழுதுவேன். அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "புண்ணாகியிருக்கே சிஸ்டர். ஏன் சொல்லலை?" என்றார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்தக் கேள்வியை நான் எத்தனை பெண்களிடம் கேட்டிருப்பேன், அதே குரலில்.

சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். திரைக்குப் பக்கத்தில் எஸ்தரக்கா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் டாக்டரம்மாவிடம், "அடுத்தது நானுங்களா?" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். மூக்கைப் பொத்திய பெண்ணின் மாமியாரும் உள்ளே போனார். கோவை டாக்டர்கள் சாயந்தரம் வரை கிளம்பவில்லை.

விழா மேடையில் படித்த சாதனை அங்கே ஆரம்பித்ததுதான். அதன் பிறகு நடந்ததை எந்த மேடையிலும் படிக்க மாட்டார்கள்.

ஊர் முழுக்க என்னைப் பற்றித்தான் நாயம், எங்கள் பக்கம் ஊர்ப்பேச்சை அப்படித்தான் சொல்வோம். பேக்கரியில் டீ குடிக்கிற ஆம்பளைகள் வரைக்கும் போய்விட்டது. நான் தெருவில் போனால் பேச்சு நின்றுவிடும். என்னோடு வேலை பார்த்த செவிலியர் ஒருத்தி, நல்லவள்தான், தனியாகக் கூப்பிட்டு, "நம்ம மானத்தையே வாங்கிப்போட்டீங்கக்கா. நர்சுக்கே இப்படீன்னா நாளைக்கு நம்ம பேச்ச ஆரு கேப்பாங்க?" என்றாள். அவள் சொன்னது சரியோ என்று எனக்கே பயமாக இருந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெரியவன் காதுக்கும் எப்படியோ போயிருக்கிறது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, அத்தன பேருக்கு முன்னாலயா சொல்லோணும்?" என்று கேட்டான். அவன் கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. என்னைப் பார்க்கக் கூசினான்.

வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பேக்கரியில் அவருக்கு முன்னாலேயே பேசியிருப்பார்கள். எனக்கு ஆபரேஷனுக்கு வரச் சொன்ன நாள் காலையில், "பஸ்சுல போவேண்டாம், நானே கொண்டாந்து உடறேன்" என்று வண்டியை எடுத்தார். குட்டியானையில் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீட்டில் ஒரு பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துப் போட்டு வைத்திருந்தார். நான் அதைப் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

கோவைக்குப் போகிற சத்தி ரோட்டில் ஏறின பிறகு, கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டே கேட்டார். "எத்தன வருசமா அம்மிணி?"

"சின்னவன் பள்ளிக்கூடம் சேந்ததுல இருந்துங்க."

ஒரு லாரியை முந்திப்போட்டுச் சொன்னார். "நான் வேற நெனச்சுட்டேன்."

"என்னன்னுங்க?"

"மில்லு மூடுனாங்க. நீ சம்பளக்காரி. நான் லோடு அடிக்கறவன். என்னைப் பாத்தா உனக்கு எளக்காரமாப் போச்சு, அதான் நீ தள்ளிப் படுக்கறீன்னு நெனச்சுட்டேன்."

இத்தனை வருடத்தில் எனக்கு அவமானம் என்று எத்தனையோ நடந்திருக்கிறது. அந்தத் திரைக்குப் பின்னால் மேசையில் ஏறிப் படுத்ததுகூட இதற்குப் பக்கத்தில் வராது. நான் என் உடம்பை ஒளித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுசன் அத்தனை வருடமும் தன்னை ஒன்றுக்கும் ஆகாதவனாக நினைத்துக்கொண்டு, என் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அவர் வண்டியை ஓரங்கட்டவில்லை. இடது கையைக் கியரிலிருந்து எடுத்து என் கைமேல் கொஞ்ச நேரம் வைத்தார். அடுத்த வளைவு வந்ததும் எடுத்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எஸ்தரக்காவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அங்கே ஒரு ஸ்டாப் நர்ஸ் இருந்தார். அவரைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். வார்டு நிறைய நோயாளிகள், கையில் ஓயாத வேலை. ஆனால் டியூபைப் பார்க்க வரும்போதெல்லாம் திரையை இழுத்துவிட்டு, "போர்வைய எடுக்கட்டுங்களா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நிற்பார். நான் "ம்" என்ற பிறகுதான் கை வைப்பார். எஸ்தரக்காவிடமும் அதே மாதிரி கேட்டுவிட்டு நிற்பார். முதல் தடவை எஸ்தரக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை. அதுவரைக்கும் யாரும் அவரிடம் அப்படி அனுமதி கேட்டதில்லை. நானும் இத்தனை வருட வேலையில் ஒருத்தரிடமும் கேட்டதில்லை. வேகமாகச் செய்து முடித்தால் அவர்களுக்கு நல்லது என்று நினைத்திருந்தேன். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. குணமாகித் தேடிப் போனபோது மாற்றலாகிப் போயிருந்தார். நம் தொழிலில் சாதனை என்று எதைச் சொல்வீர்கள் என்று என்னைக் கேட்டால், அந்த அம்மா திரைக்கு உள்ளே நின்று பதிலுக்குக் காத்திருந்ததைத்தான் சொல்வேன். அதற்கு யாரும் சால்வை போட்டிருக்க மாட்டார்கள்.

எஸ்தரக்காவுக்கு என்னைவிடப் பெரிய புண். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் மத்தியானம் வார்டே தூங்கிக்கொண்டிருந்தபோது என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"நர்சம்மா, அன்னைக்குக் கூட்டத்துல…"

"உடுங்கக்கா."

"அது உங்களுது இல்லீங்க."

"தெரியுமுங்க."

"எனக்குத் தெரியுமுன்னு உங்களுக்குத் தெரியோணுமில்லீங்க? அதான் சொன்னேன்."

அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை. அவர் மகள் வாங்கி வந்திருந்த ஆரஞ்சை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். குணமாகி ஊருக்கு வந்து, வேலைக்குத் திரும்பி ரொம்ப நாள் நல்ல வேகத்தோடு களை எடுத்தார். இப்போது மகளோடு இருக்கிறார்.

நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஊரில் நாயம் அடங்கிவிட்டது. புதுசாக வேறு ஏதாவது கிடைத்திருக்கும். பெரியவன் ஒருநாள் என் தடுப்பூசிப் பெட்டியை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் வெட்கம் போகவில்லை. உடம்பு சரியானால் போய்விடும் என்று நினைத்தேன், இல்லை. சாப்பாட்டு வரிசையில் கேட்ட பெண்ணுக்காகவே இதைச் சொல்கிறேன். வெட்கம் தீர்ந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் நீங்கள் கடைசி வரை பேச மாட்டீர்கள். உங்களில் யாருக்காவது இப்போது உடம்பில் ஏதாவது இருந்தால், அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகுமுன் நீங்கள் போய்க் காட்டுங்கள். யாருக்கும் தெரியாமல் போய்க் காட்டினாலும் சரிதான். என்னைப் போலக் கூட்டத்தில் நின்று சொல்ல வேண்டும் என்று யாருக்கும் கடமை கிடையாது.

மறு வருடம் டாக்டரம்மா சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு ஊருக்கு முகாமுக்காக என்னை அழைத்துப் போனார். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. முதல் முகாமில் நடந்தது ஏதோ ஒரு வேகத்தில் நடந்தது, இனி அது தேவையில்லை, நல்லபடியாக அட்டைகளைக் காட்டிப் பேசிவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தேன். பேசினேன். இங்கேயும் சேலைத் தலைப்புகள் வாய்க்குப் போயின.

பின்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, திடீரென்று கேட்டாள். "ஏனுங்க, அன்னூர்ப் பக்கம் ஒரு நர்சுக்கே இப்படி இருந்துச்சாமா. கூட்டத்துலயே ஆயிப்போச்சாமா. நெசமுங்களா?"

கூடமே சிரித்தது. டாக்டரம்மா சட்டென்று குனிந்து தன் பையில் எதையோ தேட ஆரம்பித்தார். என்னைப் பார்க்கக் கூடாது, முடிவை என்னிடமே விட்டுவிட வேண்டும் என்று அப்படிச் செய்தார்.

"ஆமாங்க, நானும் கேள்விப்பட்டேன்" என்று சொன்னால் முடிந்தது. அது பொய்யும் இல்லை. இந்த ஊரில் தரையில் ஈரம் எதுவும் இல்லை, காப்பாற்ற வேண்டியவர் என்று யாரும் என் கண்முன்னே நிற்கவில்லை. முதல் தடவை தன்னால் திறந்த வாயை இந்தத் தடவை நான்தான் திறந்தாக வேண்டும். காது சுட ஆரம்பித்தது. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நெசமுங்க. அந்த நர்சு நாந்தான்."

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் மட்டும் என்னை விடவில்லை. கேட்பதற்கு இவ்வளவு நாளாக ஆள் கிடைக்காதவள் போலக் கேட்டாள்.

"ஆபரேசன் பண்ணுனது வலிச்சுதுங்களா?"

"கொஞ்ச நாளைக்கு வலிச்சுதுங்க. அதுக்கு முன்னால இருந்த வலி இதைவிட அதிகம். எல்லார்த்துக்கும் ஆபரேசன் பண்ண மாட்டாங்க கண்ணு. உன்ர வயசுக்கு உடற்பயிற்சிலயே சரியாகலாம். பாத்தாத்தான் தெரியும்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஊட்டுக்காரரு என்ன சொன்னாருங்க?"

"அவருதானுங்க வண்டியோட்டிக் கொண்டாந்து சேத்துனாரு."

அவள் அதை யோசித்தாள். மற்றவர்கள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு எழுந்தாள். பாய்களுக்கு நடுவே காலைப் பார்த்துப் பார்த்து வைத்து என் முன்னால் வந்து, குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

"சித்த நேரம் இவளைப் புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரையை விலக்கி உள்ளே போனாள்.

குழந்தை அம்மாவைக் காணாமல் அழுதது. நான் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, திரைக்கு வெளியே அப்படியே நின்றேன்.